கையின் பாரம்

என் மனைவியின் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தம்பட்டம் என்றால்தான் தெரியும். கார் மெக்கானிக். ஒரு நட்டைக் கழற்றினால் அந்த நட்டு செய்த பாக்கியத்தைப் பற்றி அரை நாள் பேசுவான். நிறைகுடம் தளும்பாது என்கிறார்களே, அதைச் சொன்னவர் இவனைப் பார்த்ததில்லை. இவன் நிறைந்த பிறகும் தளும்புகிற குடம். வேலை தெரியாதவன் பீற்றிக்கொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். வேலை தெரிந்தவன் பீற்றிக்கொண்டால் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் தையல்காரன். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரிக்காரர்களின் கோட்டும் தைக்கிறேன். வேலை நேரத்தில் வாயில் குண்டூசி இருப்பதால் பேச்சு குறைவு. ‘பேசாம இருக்கிற நேரமெல்லாம் ஊசியைத் தீட்டிட்டு இருப்பார், வாயைத் திறந்தா குத்தும்’ என்று என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

அவள் ரொட்டிக்கடை வேன் ஓட்டியவள். விடிவதற்கு முன்பே அடுப்படியிலிருந்து ரொட்டியைச் சூடாக எடுத்துக்கொண்டு போய், ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, நான் கடை திறக்கும்போது வீட்டில் இருப்பாள். அவள் ஓட்டினால் பின்னால் அடுக்கிய தட்டுகளில் ஒன்றுகூடச் சரியாது. வளைவில் திரும்புகிறோம் என்பதே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. நான் ஒருநாளும் இதை அவளிடம் சொன்னதில்லை. ஆனால் அவள் ஓட்டும்போது முன் சீட்டை வேறு யாருக்கும் விட்டுக் கொடுத்ததும் இல்லை.

போன வருஷம் என் கடைப் பலகையைத் துடைத்து மாட்டுவதற்காக ஏணியில் ஏறினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள் தம்பி. “நீ ஏறுக்கா, நான் பிடிச்சுக்கிறேன்” என்றான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, தன் வண்டி எஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறது என்று கேட்டார். கேட்டது போதாதா? பிஸ்டன் எப்படி ஏறி இறங்கும் என்று காட்ட ஒரு கையை எடுத்தான். பேச்சு சூடு பிடித்ததும் இன்னொரு கையையும் எடுத்தான். ஏணி வழுக்கியது. அவள் இடது தோள்பட்டையில் விழுந்தாள். நரம்பு அறுந்து, அந்தக் கை தோளிலிருந்து தொங்கும் ஒரு பொருளாகிவிட்டது. இனி அது அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஏணிக்கால் தேஞ்சிருந்துச்சு” என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை அவள் சொல்லும் காரணம். தம்பியை ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கு அந்த மனசு கிடையாது. அதுவரை அவனை மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அன்றோடு நிறுத்திவிட்டேன். ‘உன் தம்பி’ என்பேன். நேரில் என்றால் பெயரே இல்லாமல் பேசுவேன். அவன் தினமும் வந்தான், எல்லோரிடமும் பேசினான். அக்காவின் இடது கையை மட்டும் பார்க்க மாட்டான். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம்தான் உட்காருவான்.

ரொட்டிக்கடை அம்மா நல்லவர். கியர் மாற்றத் தேவையில்லாத வேன் அது, ஒரு கையாலும் ஓட்டலாம் என்று அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனால் ஒற்றைக் கையோடு ஓட்டப் புது லைசென்ஸ் வேண்டும், அதற்குப் புதிதாகச் சோதனை. எங்கள் பழைய சின்னக் காரும் கியர் இல்லாததுதான். அதன் ஸ்டீயரிங்கில் ஒரு குமிழை மாட்டினோம். கதவுக் கைப்பிடி போல உள்ளங்கைக்குள் அடங்கும் குமிழ். அதைப் பிடித்துச் சுழற்றினால் ஒரே கையால் முழுச் சுற்றும் திருப்பலாம். சோதனை நாள் குறித்தார்கள். “இதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாதும்மா, இந்தத் தடவை வரலைன்னா வேற ஆளைப் போடணும்” என்று ரொட்டிக்கடை அம்மாவும் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகும்போது, வளைவில் குமிழ் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கார் பழைய கிடங்குச் சுவரில் உரசி நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஓட்டும்போது அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தம்பட்டம் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தான். “மேலே சுத்தின தோல் உளுத்துப்போச்சுக்கா. குமிழுக்குப் பிடிப்பே இல்லை. இதே வண்டியோட வேற ஸ்டீயரிங் ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்கு. காலையில கொண்டு வந்து மாத்திடறேன். மத்தியானம் டெஸ்ட்டுக்கு ராணி மாதிரி போ.”

“காலையில மாத்தி மத்தியானம் போறதா?” என்றேன் நான்.

“மாமா, நான் ஸ்டீயரிங் மாட்டினா வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகும். நீங்க துணி வெட்டுறதைவிட நேரா போகும்.”

காலையில் சொன்னபடி வந்து நின்றான். கையில் ஒரு ஸ்டீயரிங், தோளில் பை, வாயில் பேச்சு. நான் பின் ஜன்னலோரம் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காரை மைதானத்தில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டி, எதையும் திருப்பாமல் அப்படியே எங்கள் தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். “முன் சக்கரம் நேரா நிக்கணும். அதுதான் பிள்ளையார் சுழி. இங்கே கோணினா கடைசி வரைக்கும் கோணல்” என்றான். பிறகு பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன, அதுக்குள்ள களைச்சுப்போச்சா?” என்று நான் ஜன்னலிலிருந்து கேட்டேன்.

“ஸ்டீயரிங் நடுவுல காத்துப் பை இருக்கு மாமா. மோதினா வெடிச்சு விரியுமே, அது. ஒயரைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் அதுக்குள்ள கரண்ட் நிக்கும். அவசரப்பட்டுக் கையை வச்சா மூஞ்சியில குத்தும். உங்க வாய் மாதிரி.”

என் மனைவி சிரித்தாள். நான் பொத்தானைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

காத்திருக்கவேண்டிய நேரம் முழுக்கத் தன் பெருமையைப் பேசி முடித்தான். அதன்பின் அந்தக் காற்றுப் பையைக் கழற்றியபோது அவன் கை போன விதம் வேறு. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பவன் மாதிரி எடுத்து, பின்னாலிருந்த ஒயரை நகத்தால் மெல்ல நெம்பி விடுவித்து, முகம் மேலே பார்க்கும்படி பின் சீட்டில் வைத்தான். பிறகு நடுவிலிருந்த பெரிய நட்டைத் தளர்த்தினான். தளர்த்தினானே தவிர முழுக்கக் கழற்றவில்லை, கொஞ்சம் மரையில் விட்டுவைத்தான். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தான். அது வர மறுத்தது. மறுபடி இழுத்தான். திடீரென்று ‘டக்’கென்று விட்டுக்கொண்டு அவன் மார்பை நோக்கிப் பாய்ந்தது, விட்டுவைத்த நட்டில் முட்டி நின்றது. நட்டு இல்லையென்றால் முன் பல் போயிருக்கும்.

“பாத்தீங்களா?” என்றான், என் பக்கம் திரும்பி.

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

முழுக்கக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தூரிகையால் வெள்ளைப் பெயின்ட் தொட்டு, ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டின் முனையிலும் ஸ்டீயரிங்கின் நடுவிலும் சேர்த்து ஒரு கோடு போட்டான். தண்டைச் சுற்றிலும் மெல்லிய பற்கள். அந்தப் பற்களில்தான் ஸ்டீயரிங் உட்காருகிறது. ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சாய்ந்து நிற்கும் என்று அக்காவுக்கு விளக்கினான். பின்னால் இருந்த ஒரு வட்ட டப்பாவைக் காட்டி, அதற்குள் ரிப்பன் மாதிரி ஒயர் சுருண்டிருக்கிறது, அது தெரியாத்தனமாகச் சுற்றிவிட்டால் பிறகு முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும் என்று சொல்லி, அதை டேப் போட்டு ஒட்டினான்.

புது ஸ்டீயரிங்கில் கோடு இல்லையே, என்ன செய்வான் என்று எனக்கே ஆவலாகிவிட்டது. பழையதைத் தரையில் மல்லாத்திப் போட்டு, அதன்மேல் புதியதைக் கம்பிக்குக் கம்பி பொருந்தும்படி வைத்து, கீழேயிருந்த வெள்ளைக் கோடு மேலே எந்தப் பல்லுக்கு நேராக வருகிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, புதியதிலும் கோடு போட்டான். நான் பழைய சட்டையைப் புதுத் துணிமேல் விரித்து வெட்டு அடையாளம் எடுப்பேனே, அதேதான். வாயில் ஊசி இருந்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் ‘பலே’ என்று சொல்லியிருப்பேன்.

கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டினான். இறுக்கத்தை அளந்து காட்டும் நீள ஸ்பேனரால் நட்டை முடுக்கினான். காற்றுப் பை, ஒயர், பேட்டரி. ஹாரனை அடித்துப் பார்த்தான். தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். மைதானத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி எங்களுக்குக் காட்டினான். கார் கோடு போட்டது போல நேராகப் போயிற்று. ஸ்டீயரிங்கின் கம்பிகள் இரண்டும் தராசு போல நின்றன. பழைய குமிழை எடுத்து, முன்பிருந்த இடத்திலேயே, கடிகாரத்தில் நான்கு மணி இருக்குமே அந்த இடத்தில் மாட்டினான். இந்த முறை தொங்கினாலும் அசையாத பிடி.

“இனி என் அக்காவுக்கு லைசென்ஸ் குடுக்கலைன்னா அந்த ஆபீஸரோட கண்ணுலதான் கோளாறு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

அவள் ஏறினாள். வலது கையால் குமிழைப் பிடித்தாள். கார் கொட்டகையைத் தாண்டியது, மைதானத்தில் இறங்கியது, கொஞ்ச தூரம் போனது. போகப் போக வலது பக்கமாக ஒதுங்கியது. அவள் சரி செய்தாள். மறுபடி ஒதுங்கியது. நின்று, திருப்பிக்கொண்டு வந்தாள். வரும்போதும் அதே கதை.

“ஸ்டீயரிங் கோணலா இருக்குடா. சும்மா பிடிச்சிருந்தாலே வலது பக்கம் போகுது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சிரித்தான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போய் வந்தாள். இந்த முறை இறங்கவே இல்லை; குமிழைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு பல் தள்ளி மாட்டினா சரியாயிடும்ல?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தள்ள மாட்டேன்கா. நேருன்னா நேருதான். தள்ளினா கோணல் ஆகும். அந்த ஆபீஸர் முன்னாடி கோணல் ஸ்டீயரிங்கோட உன்னை உட்கார வைக்க மாட்டேன்.”

“ஓட்டுறவ சொல்றதைக் கேட்டா குறைஞ்சா போயிடுவே?” என்றேன் நான், ஊசிகளைத் துப்பிவிட்டு.

அவன் என் முன்னறைக்குள் போய் நூல் கண்டை எடுத்து வந்தான். பின் டயரிலிருந்து முன் டயர்வரை, இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டினான். தரையில் மண்டியிட்டுப் பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். டயரின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் நூல் ஒட்டிக்கொண்டு போயிற்று. உள்ளே ஸ்டீயரிங் மட்டமாக நின்றது. எந்தக் குறையும் இல்லை. “உங்க நூல்தான் மாமா. நூல் பொய் சொல்லாது.”

குறை இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கார் சரி, இவன் சரி. அப்படியானால் சரியில்லாதது அவள்தானா? மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வேலை, அவள் விடியற்காலைகள், அவள் முகத்தில் நேற்று வற்றிப்போன அந்த ரத்தம் எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டது.

“நூல் பொய் சொல்லாது. நீ பிடிச்சுக்கிறேன்னு சொன்னதை நம்பி அவ ஒரு தடவை ஏறினது போதாதா?” என்றேன்.

ஒரு வருஷமாகத் தீட்டிக்கொண்டிருந்த ஊசி அது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பட்டம் பேச்சில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது இனிக்கும் என்று நினைத்திருந்தேன், இனிக்கவில்லை.

அவன் என் அறைக்குள் போனான். வெட்டிப்போட்ட துணிகளுக்குள் துழாவி, நீளமாக ஒரு கிழிசலை எடுத்தான். தன் இடது கையை மடக்காமல் உடம்போடு ஒட்டி வைத்து, பல்லாலும் வலது கையாலும் இழுத்து இழுத்து, சுற்றிக் கட்டிக்கொண்டான். உதவிக்குப் போன என்னைத் தலையாட்டி விலக்கினான். அக்காவை இறங்கச் சொல்லாமல் காத்து நின்றான். அவளாகவே இறங்கி வழிவிட்டாள். கதவைத் திறப்பதற்கே தடுமாறினான். உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்ட அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவள், “உடம்பைத் திருப்புடா, கையை இழுக்காதே” என்று சொல்லிக்கொடுத்தாள்.

மைதானத்தில் அவன் ஒற்றைக் கையால் ஓட்டியதை நாங்கள் இருவரும் சுவரோரம் நின்று பார்த்தோம். நேராகப் போகப் பார்த்தான். கார் வலது பக்கம் ஒதுங்கியது. திரும்பி வந்து மறுபடி போனான், மறுபடி ஒதுங்கியது. வட்டம் போட்டான், எட்டுப் போட்டான், பின்னால் வந்தான். இரண்டு கை உள்ளவன் ஒரு கையை மடியில் வைத்து விளையாட்டுக்கு ஓட்டுவது வேறு. கட்டிப்போட்டுவிட்டு ஓட்டுவது வேறு என்று பார்க்கும்போதே தெரிந்தது. அவன் தோள் இறங்கியது, முகம் வியர்த்தது. நிறுத்துவான் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. தனக்குத் தெரிந்த வேலையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, தெரியாத ஒன்றைத் தன் உடம்பாலேயே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மனுஷன் தன் தொழிலை இவ்வளவு மதிக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனைப் பிடிக்காமல் போன வருஷத்தில்கூட, அவன் வேலையைப் பிடிக்காமல் போனதில்லை. இப்போது அவனையும் பிடித்தது.

கட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்தவன் முதல் முறையாக அக்காவின் இடது பக்கம் வந்து நின்றான். தொங்குகிற அந்தக் கையைத் தன் கையில் தூக்கிப் பார்த்தான்.

“கோணல் ஸ்டீயரிங்ல இல்லைக்கா. பாரத்துல இருக்கு” என்றான். குரலில் தம்பட்டம் இல்லை. “ரெண்டு கையாலயும் பிடிச்சா, இந்தப் பக்கத்துக் கை பாரத்தை அந்தப் பக்கத்துக் கை பாரம் சமன் பண்ணிடுது. அது எவனுக்கும் தெரியறதே இல்லை. எனக்கும் தெரியலை. உனக்கு ஒரே கை. அதோட பாரம் முழுக்கக் குமிழ் மேல தொங்குது. வலது பக்கமா கீழே இழுக்குது.”

“நேத்து வரைக்கும் இப்படி இல்லையேடா.”

“நேத்து குமிழ் வழுக்குச்சு. உன் கை பாரந்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வந்திருக்கு. நான் உளுத்த தோல் மேல பழியைப் போட்டேன். இப்ப குமிழ் அசையாது, அதனால ஸ்டீயரிங்கே திரும்புது.” அக்காவின் கையை மெல்ல இறக்கி விட்டான். “ஆடத் தெரிஞ்சவதான் சொல்லியிருக்கா. எனக்குத்தான் கேட்கத் தெரியலை.”

பிறகு என் பக்கம் திரும்பினான். நான் சொன்னதற்கு ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேலை. “மாமா, குமிழை இன்னும் கீழே இறக்கி மாட்டிடறேன், இழுப்பு குறையும். ஆனா கை தொங்கக் கூடாது. முழங்கை உட்கார ஒரு மெத்தை வேணும், கதவோட சேத்து. உங்களால முடியுமா?”

முடியுமாவா? நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்தேன். அவள் குமிழைப் பிடித்திருக்கும்போது முழங்கை எங்கே நிற்கிறது, கதவிலிருந்து எவ்வளவு இடைவெளி, திருப்பும்போது கை எதுவரை போய் வருகிறது என்று சட்டைக் கைக்கு அளவெடுப்பது போல எடுத்தேன். அவன் கீழே உட்கார்ந்து குமிழை இறக்கினான், ஐந்து மணிக்கும் கொஞ்சம் கீழே. “இந்த இடத்துல பிடிச்சா மணிக்கட்டு வலிக்குதாக்கா? சொல்லு, சொல்லிட்டே இரு” என்றான். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

சீருடை நீலத்தில் உறை தைத்து, வெட்டுத் துணியைத் திணித்து, ஓரம் மடித்து, கதவுக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்ட நாடா வைத்தேன். முதலில் உயரமாகிவிட்டது. பிரித்துத் துணியைக் குறைத்தேன். மாட்டியதும் அவள் முழங்கை அதில் போய் உட்கார்ந்தது. கை பாரமில்லாமல் குமிழ்மேல் கிடந்தது.

மைதானத்தில் இறங்கினாள். கார் நேராகப் போயிற்று. கிடங்குச் சுவர்வரை போய், வளைந்து, எங்களை நோக்கி நேராக வந்தது. ரொட்டித் தட்டு சரியாத அந்தப் பழைய ஓட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துணித் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

“ஸ்டீயரிங் எப்படிக்கா?” என்று கேட்டான்.

“நேரா இருக்கு” என்றாள்.

சோதனை மைதானத்தில் அதிகாரி ஒரு பெண்மணி. சிரிப்பில்லாத முகம். என் மனைவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். கார் போயிற்று, வளைந்தது, மேட்டில் நின்று புறப்பட்டது, பின்னால் வந்து கோட்டுக்குள் நின்றது. பக்கத்தில் நின்றவன் பேசவே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

வேலியோரம் நின்ற வேறொரு ஆள், “ஒத்தைக் கையாலயா ஓட்டுறாங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமா. என் வீட்டுக்காரி. அந்த ஸ்டீயரிங்கை மாட்டினது யாரு தெரியுமா? இதோ நிக்கிறானே, என் மச்சான். இந்த ஊர்ல எவனாலயும் அப்படி ஒரு ஸ்டீயரிங் மாட்ட முடியாது. பல்லுக்குப் பல் பாத்து உட்கார வச்சிருக்கான். அதோட விட்டானா? ஓட்டுறவ கையோட பாரத்தைக் கண்டுபிடிக்க, தன் கையைக் கட்டிட்டு ஓட்டிப் பாத்தான். எந்த மெக்கானிக் செய்வான் சொல்லுங்க?”

அவர் ஒன்று கேட்டதற்கு நான் ஊரளவு சொல்லிக்கொண்டே போனேன். தம்பட்டம் அடிப்பதில் இப்படி ஒரு சுகம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மச்சான் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். கிழிசல் இறுக்கிய தடம் அவன் கையில் இன்னும் சிவப்பாக இருந்தது.

கார் நின்றது. அதிகாரி இறங்கினார். முன்னால் வந்து சக்கரங்களைக் குனிந்து பார்த்தார், கண்ணாடி வழியாக ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ஜன்னலில் குனிந்து முழங்கை மெத்தையைத் தொட்டு ஏதோ கேட்டார். அவள் எங்களைக் கைகாட்டி ஏதோ சொன்னாள். அந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. தலையை ஆட்டினார், போகலாம் என்று கை காட்டினார். அவள் நெற்றியை ஸ்டீயரிங்கில் சாய்த்துக்கொண்டதைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வாசலுக்கு வெளியே எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். முன் சக்கரங்கள் நேராக நின்றன. மச்சான் வழக்கம்போலப் பின் கதவுப் பக்கம் போனான். அவள் கண்ணாடியை இறக்கி அவனைக் கூப்பிட்டாள்.

“முன்னாடி வா. நீ ஏறுடா, நான் பிடிச்சுக்கிறேன்.”

அவன் அப்படியே நின்றான். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஏணியடியில் அவன் சொன்ன அதே சொல் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவள் குரலில் குத்தல் இல்லை. குமிழைப் பிடித்தபடி, ஏறுவதற்குக் காத்திருந்தாள்.

“ஏறு மச்சான்” என்று முன் கதவைத் திறந்துவிட்டு, நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.